அரை மில்லி

பென்சில் கோடு போகவில்லை. மலைவேம்புப் பலகை இரண்டை ஒட்டி அறுத்தெடுத்த அந்தக் கிட்டார் உடம்பின் முகம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிட்டு, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் சென்னியப்பன் காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருக்கிறார். மேடான இடங்களிலெல்லாம் கோடு மறைந்தாயிற்று. இடுப்பு வளைவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தில் மட்டும், கிளம்புங்கள் என்று சொல்லியும் கிளம்பாத விருந்தாளி மாதிரி, கோடு உட்கார்ந்திருந்தது. கோடு நிற்கிற இடம் பள்ளம். பள்ளம் எப்படி வந்தது? இழைப்புளி பிடித்தது அவர் கை. அவர் கையில் பள்ளம் விழாது. அப்படியானால் பலகை. மரக்கடைக்காரன் ஈரம் காயாததைக் காய்ந்தது என்று தலையில் கட்டிவிட்டான்; ஒட்டும்போது சமமாக இருந்தது, ஒட்டிய பிறகு உள்ளுக்குள்ளேயே வற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. 'நல்லாக் காஞ்சதுங்ண்ணா, கேளுங்க' என்று அவனாகவே தட்டிக் காட்டினானே, அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். கேட்காமல் தட்டிக் காட்டுகிறவனிடம் ஏதோ இருக்கிறது. உப்புத்தாளைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். நூற்றிருபது என்று அச்சிட்டிருந்தது. விரலால் தடவினால் நூற்றைம்பது போலத் தெரிகிறது. அச்சடித்தவன் தடவியா பார்த்தான்? அவனுக்கென்ன, அச்சடித்தான், போய்விட்டான்.

சென்னியப்பனைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்கு உயர்த்தி, அடிப்பாகம் எவ்வளவு தடிமன் என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு பேட்டர்ன் பட்டறை. பம்ப்புக்கு இரும்பு வார்க்கிறவர்களுக்கு முதலில் மரத்தில் ஒரு மாதிரி வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்தால் விழுகிற குழியில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர மாதிரியைச் செய்கிறவர் இவர். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மரத்தை ஒரு பிடி பெரிதாகவே செய்ய வேண்டும். மனிதர்களும் அப்படித்தான் என்பது இவர் கட்சி: சூட்டோடு சொல்வது ஒன்று, ஆறியபின் கையில் நிற்பது ஒன்று. யார் என்ன சொன்னாலும் சுருக்கத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டேதான் கேட்பார். இன்று ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் ஆள் இல்லை, பக்கத்துப் பட்டறைகளில் கடைசல் சத்தமும் இல்லை. உப்புத்தாள் மரத்தில் போய் வருகிற சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தில் ஒரு வசதி, நினைப்பதற்கு யாரும் குறுக்கே வர மாட்டார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு கெடுதலும் அதுதான்.

பள்ளத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மேட்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பள்ளத்துக்குள் கையை வைத்தால் பள்ளம் பெரிதாகும். இது தெரியும். தெரிந்தும் கை பள்ளத்துக்கே போகிறது. நினைப்பும் அப்படியே, வேண்டாம் என்று சுற்றிச் சுற்றி வந்தாலும் அந்த நெக்கில்தான் போய் விழுகிறது. நெக் என்று மகள் ரோகிணி சொல்வது கிட்டாரின் கழுத்துத் துண்டு. குறுக்குக் கம்பிகள் பதித்த அந்த நீளக்கட்டை அதோ, ஜன்னலோரப் பலகையில் ஒரு பழைய வேட்டித் துணிக்கு மேல் படுத்திருக்கிறது. உடம்பைத்தான் இவர் செய்கிறார், கழுத்து வெளியிலிருந்து வந்தது. கொண்டுவந்தவன் பரிதி. இளம்பரிதி என்று முழுப்பெயர், ஊர் விருதுநகர், ரோகிணி வேலை பார்க்கும் கம்பெனியில் இரண்டு மேசை தள்ளி உட்காருகிறான், சனி ஞாயிறுகளில் இருவரும் ஒரே குழுவில் வாசிக்கிறார்கள். தன் கிட்டாரைக் கழற்றி அதன் கழுத்தை ரோகிணிக்குக் கொடுத்துவிட்டானாம். 'அடிப்பாகம் ஐம்பத்தாறு மில்லி அகலம் அங்கிள், அதுக்குத் தக்கன உடம்புல குழி வெட்டுனாப் போதும்' என்று முதல் தடவை வந்தபோது சொன்னான். சென்னியப்பன் ஐம்பத்தாறு வெட்டினார். தன் ஸ்கேலை வைத்து, கத்தி முனையால் கீறி, கீறிய கோட்டில் பாதியை வைத்துப் பாதியை எடுத்து வெட்டினார். போன வாரம் கழுத்து வந்தது. உட்கார வைத்தால் ஆடுகிறது. தட்டி இறக்க வேண்டிய துண்டு, தானே விழுந்து, பக்கத்தில் வெளிச்சம் தெரிய நிற்கிறது. குழியை அளந்தார், ஐம்பத்தாறு, மயிரிழை பிசகவில்லை. கழுத்தை அளந்தார், ஐம்பத்தைந்தரை. சொன்னது ஐம்பத்தாறு, தந்தது ஐம்பத்தைந்தரை.

அரை மில்லிதானே என்பார்கள். அரை மில்லி என்பது சென்னியப்பனுக்குச் சின்ன விஷயமே இல்லை. ஒருவன் பெரிதாக ஏமாற்றினால் அவனுக்கு ஏதோ கஷ்டம் என்று விட்டுவிடலாம், அரை மில்லி ஏமாற்றுகிறவனுக்கு அது பழக்கம். நல்ல கழுத்தைத் தன் கிட்டாரிலேயே வைத்துக்கொண்டு, அதே மாதிரி ஒன்றை எங்கோ மலிவாக வாங்கி, இதுதான் அது என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அவளுக்குத் தெரியாது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிட்டாரைக் கழற்றிக் கொடுத்த தியாகம் வேறு. அவள் அதை வீட்டில் சொன்னபோது அவள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கத்தானே வேண்டும், அதற்காகத்தானே கொடுத்தான். இன்று சாயங்காலம் அவனுடைய அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். உட்கார்ந்து பேசி, நாள் குறித்து, வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. சாதி, ஊர், சம்பிரதாயம் என்று வழியில் கிடந்ததையெல்லாம் மனைவி அம்சவேணி ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள். சென்னியப்பனும் சரி என்றுதான் சொன்னார். காரணமில்லாமல் மறுக்கிறவர் இல்லை அவர். காரணம் கிடைக்கவில்லை, அதனால் சரி என்றார். இப்போது கிடைத்திருக்கிறது, அதோ அந்தத் துணிமேல்.

முதல் தடவை வந்தபோது சார் என்றான். காபி குடித்து முடிப்பதற்குள் அங்கிள். போன வாரம் கழுத்தைக் கொண்டுவந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, 'மாமா இருக்காங்களா?' இந்த ஊரில் மாமா என்பது அத்தனை லேசான வார்த்தை இல்லை. படி ஏறுவது போல ஏறி வருகிறான். அன்றைக்கு இன்னொன்றும் செய்தான். மேசைமேல் கிடந்த ஸ்கேலைக் கையில் எடுத்தான். சென்னியப்பனின் ஸ்கேலை யாரும் எடுப்பதில்லை. எடுத்து, தன் பையிலிருந்த டேப்பை இழுத்து அதன் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். என்னத்தைப் பார்த்தான்? பட்டறையில் சாமான் எல்லாம் என்ன தேறும் என்றா? அப்புறம் ஸ்கேலின் முனையைத் திருப்பிப் பார்த்து, 'அங்கிள், இது எதுவும் தனி ஸ்கேலா?' என்று கேட்டான். மறுபடி அங்கிளுக்கு இறங்கிவிட்டான், பயம் வந்தால் இறங்கும் போலிருக்கிறது. 'ஸ்கேல்னா ஸ்கேலுதான் தம்பி. இந்தப் பட்டறை ஆரம்பிச்ச நாள்ல இருந்து இதுதான்' என்று இவர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டான். கொடுக்கும்போது சிரித்தான். அந்தச் சிரிப்பை சென்னியப்பன் ஒரு வாரமாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார். ஏளனமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஏதோ தெரிந்துகொண்டவன், போகட்டும் என்று விடுகிற சிரிப்பு. எதை விட்டான், எதற்காக விட்டான், விடுவதற்கு அவன் யார்.

போன் அடித்தது. கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு எடுத்தார். வீட்டிலிருந்து அம்சவேணி.

"ஏனுங்க, அவங்க ரயிலேறிட்டாங்களாம். நீங்க எப்ப வர்றீங்க?"

"இதை மட்டம் பண்ணி, ஒரு கோட்டு சீலர் அடிச்சுப்போட்டு வர்றேன்."

"இன்னைக்கேவா அதைப் பண்ணோணும்?"

"வர்றவங்க பாக்கட்டும்னுதான்."

"பாக்கட்டும், பாக்கட்டும். வந்தவங்க முன்னால மட்டும் மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்காதீங்க."

"நான் எப்ப உம்முன்னு வெச்சிருக்கறேன்?"

"நம்ம கல்யாண போட்டோவுல இருந்து" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பெயின்ட் அடிக்கப் போவதில்லை. மர ரேகை தெரிய வெறும் சீலர், அதன்மேல் கண்ணாடிபோல லேக்கர். பெயின்ட் அடித்தால் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், பட்டி வைத்து, தேய்த்து, மேலே நிறத்தை ஊற்றி. மறைக்க எதுவும் இல்லை என்று காட்டத்தான் நிறம் வேண்டாம் என்றார். ரோகிணிக்குச் சிவப்பு வேண்டும் என்று ஆசை. சிவப்பு வேண்டாம் கண்ணு, மரமே அழகுதான் என்று இவர் சொன்னதும் சரி என்றுவிட்டாள். உடனே சரி என்றுவிட்டாள், அதுவே இப்போது உறுத்துகிறது. போகிற பெண்தானே, இருக்கிறவரைக்கும் இவர் சொல்வதுபோல இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாளோ. ஈரத்துணியால் முகத்தை ஒரு தடவை துடைத்தார். ஈரம் பட்டதும் அமுங்கியிருந்த நார் எல்லாம் முள்முள்ளாக எழுந்து நின்றது. இப்படி எழுப்பி எழுப்பித்தான் அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீலர் அடிக்கும்போது எழுந்து மானத்தை வாங்கும். எட்டாம் வகுப்பில் அவள் முதல் கிட்டார் கேட்டபோது கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டு இவர் கடையைவிட்டே வெளியே வந்துவிட்டார். அவள் பின்னாலேயே வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், காது மட்டும் சிவந்திருந்தது. அடுத்த வாரமே போய் வாங்கி வந்தார். ராத்திரியெல்லாம் டிங் டிங் என்று ஒரே கம்பி. அந்த டிங் டிங் இல்லாத வீடு எப்படி இருக்கும்? அம்சவேணி டிவி போடுவாள். இவர் கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பார். பூட்டியிருக்கும். அவ்வளவுதான் வீடு. சென்னியப்பனுக்குப் பயமாக இருந்தது. அவனைப் பார்த்தா பயம், அவள் போவதைப் பார்த்தா என்று பிரித்துப் பார்க்க அவர் விரும்பவில்லை.

வீடு என்றதும் கட்டில் ஞாபகம் வந்தது, கட்டில் என்றதும் அந்த மெத்தைக் கடைக்காரன். தேக்கில் இவரே செய்த கட்டில், இதே கையால், இதே ஸ்கேலால். வழக்கமான அளவுக்குத்தான் செய்தார். மெத்தையை வாங்கிப் போட்டால் கால்மாட்டில் ஒரு விரல் போகிற சந்து. மெத்தைக்காரன் சத்தியம் பண்ணினான், கம்பெனி அளவுங்க, எல்லார் கட்டில்லயும் சரியா உக்காருது, உங்க கட்டில்ல மட்டும் என்னான்னு தெரியலைங்க என்றான். எல்லார் கட்டிலையும் அவன் போய்ப் பார்த்தானா? அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாகவே இவர் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். மற்றபடி அவர் வீட்டில் எல்லாம் கச்சிதம். அலமாரிக்குள் இழுப்பறை, இழுப்பறைக்குள் தட்டு, சாமி மாடத்துக்குக் கதவு, எல்லாம் அவர் செய்தது, ஒன்றுக்குள் ஒன்று காற்றுப் புகாமல் உட்காரும். வெளியிலிருந்து வருவதுதான் எப்போதும் சேராது.

முகம் மட்டமாகிவிட்டது. இரும்புப் பட்டையைக் குறுக்கே நிறுத்தி, குனிந்து, அதற்கும் மரத்துக்கும் நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். கசியவில்லை. குறுக்கு, நெடுக்கு, மூலைக்கு மூலை. கசியவில்லை. பள்ளம் இருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தார்; பள்ளம் இல்லை, ஆனாலும் அங்கே இருந்தது என்று கைக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஓரங்களை உருட்டினார். ஓரத்தில் நார் குத்துக்கு நிற்கும், உப்புத்தாளைச் சாப்பிடும், எத்தனை தேய்த்தாலும் போதாது என்று கேட்கும். அதையும் முடித்தார். இனி சீலருக்கு முன்னால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் உட்கார வேண்டிய இடத்துக்கு ஒரு கோடு கீற வேண்டும். அது தப்பினால் கிட்டார் கிட்டாராக இருக்காது, சுதி நிற்காது. ரோகிணி சொல்லியிருந்தாள்: தலைமாட்டில் உள்ள வெள்ளைக்கட்டையிலிருந்து பன்னிரண்டாவது குறுக்குக் கம்பி வரைக்கும் எவ்வளவோ, அந்தக் கம்பியிலிருந்து பிரிட்ஜுக்கும் அதே தூரம். முந்நூற்றிருபத்து நான்கு என்று பரிதி சொல்லி அனுப்பியிருந்தான். இவனாவது, சொல்லி அனுப்பியதாவது. சென்னியப்பன் கழுத்தை எடுத்து மடியில் வைத்து, கம்பிகளை எண்ணி, ஸ்கேலை நீட்டினார். முந்நூற்றிருபத்தொன்றைக்கூடத் தொடவில்லை. மறுபடி வைத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி. மூன்று மில்லிக்கு மேல் குறைகிறது. நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒன்று இறங்கியது. அது கோபம் இல்லை, வெட்கத்தோடு சொன்னால் சந்தோஷம். அரை மில்லிக்கு யாரும் கல்யாணத்தை நிறுத்த மாட்டார்கள். மூன்று மில்லி என்றால் கேட்கலாம். அகலத்தில் பொய், நீளத்தில் பொய், தலையிலிருந்து கால்வரை பொய். போனை எடுத்து ரோகிணியைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்ப்பா."

"அந்த நெக்கு அவன் கிட்டார்ல இருந்ததுதானா? உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"ஏனுங்ப்பா?"

"ஒரு அளவும் சேரலை. அகலமும் கம்மி, நீளமும் கம்மி. நல்லதை அவன் வெச்சுக்கிட்டு டூப்ளிகேட்டைக் குடுத்திருக்கறான் கண்ணு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரச் சத்தம் நின்றது.

"நான் அதுல வாசிச்சிருக்கறேனுங்ப்பா. எத்தனையோ தடவை. சுதி சுத்தமா நிக்கும்."

"நீ வாசிச்சது இதுலதான்னு எப்படிச் சொல்ற? கண்ணு ஏமாறும், காது ஏமாறும். அளவு பொய் சொல்லாது. ஒரு கட்டைத் துண்டுல ஏமாத்தறவன் நாளைக்கு எதுல ஏமாத்துவான்னு யாருக்குத் தெரியும்? நான் எதுவும் சொல்லலை. நீயே அவனைக் கேளு. மாத்துனியா இல்லையான்னு ஒரே கேள்வி."

"சரிங்ப்பா" என்றாள். "கேக்கறேன்." குரலில் தண்ணீர் வற்றியிருந்தது.

சீலர் டப்பாவைத் திறக்கப் போனார், திறக்கவில்லை. தின்னர் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். நான் எதுவும் சொல்லலை என்று சொன்னேனா? சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நான் எதுவும் சொல்லலை. சரி, அவள் கேட்டுக்கொள்ளட்டும், படித்தவள். கழுத்தைத் துணிமேல் திருப்பி வைக்கும்போது அதன் முதுகு தெரிந்தது. இத்தனை நாள் முகத்தை அளந்தாரே தவிர முதுகைப் பார்க்கவில்லை. மேல்பாதியில், பெருவிரல் போய் வருகிற தடத்தில், பாலிஷ் மங்கி மரம் தெரிந்தது. அங்கே மட்டும் வழவழவென்று, கை எண்ணெய் ஏறி நிறம் மாறி. புதிதாக வாங்கின டூப்ளிகேட்டில் இது இருக்காது. உப்புத்தாளால் பண்ணியிருப்பானோ? உப்புத்தாள் வேலை சென்னியப்பனுக்குத் தெரியாதா, அது கீறல் விடும். இதில் கீறல் இல்லை. இது ஒரு விரல் வருஷக்கணக்கில் போய் வந்து பண்ணியது. அப்படியானால் இதுதான் அவனுடைய கழுத்து. இதுதான் என்றால் அவன் சொன்ன அளவு பொய். அளவில் பொய் சொல்லி அவனுக்கு என்ன லாபம்? சுதி சுத்தமா நிக்கும் என்கிறாள். மூன்று மில்லி குறைகிற கழுத்தில் சுதி எப்படி நிற்கும்? எல்லாக் கம்பியும் அதே கணக்கில் குறைந்திருந்தால் நிற்கலாம். எல்லாம் ஒரே கணக்கில். ஐம்பத்தாறுக்கு அரை. முந்நூற்றுச் சொச்சத்துக்கு மூன்று. சென்னியப்பன் நின்றார். நூற்றுக்கு ஒன்று. அகலத்திலும் நூற்றுக்கு ஒன்று, நீளத்திலும் நூற்றுக்கு ஒன்று. இப்படி ஒரே சீராகப் பொய் சொல்கிறவன் உலகத்தில் கிடையாது. ஏமாற்றுகிறவன் ஒரு பக்கம் குறைப்பான், இன்னொரு பக்கம் மறப்பான். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் குறைந்து வருவது ஒன்றே ஒன்றுதான், அது அவருக்குத் தெரிந்ததுதான், வாழ்நாள் முழுக்க அதை வைத்துத்தான் சாப்பிட்டார். அச்சிலிருந்து எடுத்து ஆறிப்போன இரும்பு.

ஸ்கேலைக் கையில் எடுத்தார். முனையில் ஒரு முத்திரை உண்டு. பெருவிரல் வைத்து வைத்துத் தேய்ந்து வெறும் தழும்பாகத்தான் தெரியும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார்: வார்ப்பிரும்பு, நூற்றுக்கு ஒன்று. இரும்பு சுருங்குமே, அதற்காகவே அடிக்கிற ஸ்கேல். இதில் நூறு என்று போட்ட இடத்தில் நிஜத்தில் நூற்றொன்று இருக்கும். பேட்டர்ன்காரன் தனியாகக் கணக்குப் போட வேண்டாம், இதை வைத்து வெட்டினால் சுருக்கத்துக்கு வேண்டிய அதிகம் தானே வந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவனிடம் முதல் நாளே சொல்வது: இது நம்ம ஸ்கேல், வெளி வேலைக்கு ஆகாது. சொல்லிச் சொல்லியே அவருக்கு அது வெறும் வார்த்தையாகிவிட்டது. சாதாரண ஸ்கேல் எங்கே? அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, பழைய ரசீது, துருப்பிடித்த உளி எல்லாவற்றையும் தள்ளி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்ததை எடுத்தார். வார்த்த இரும்பைப் பார்ப்பது வார்ப்படக்காரர்கள் வேலை, இவருக்கு இது தேவைப்பட்டதே இல்லை. கழுத்தின்மேல் வைத்தார். ஐம்பத்தாறு. நீளத்தில் வைத்தார். முந்நூற்றிருபத்து நான்கு. குழியில் வைத்தார். ஐம்பத்தாறரை. கிட்டார் வார்ப்புக்கான மாதிரி இல்லையே, அதை யாரும் மணலில் பதிக்கப் போவதில்லையே, எதுவும் ஆறிச் சுருங்கப் போவதில்லையே, அதுவே தானே கடைசிப் பொருள். அவர் வெட்டிய குழிதான் பெரிது. கட்டில் பெரிது. அலமாரி, இழுப்பறை, சாமி மாடம் எல்லாம் நூற்றுக்கு ஒன்று பெரிது, எல்லாம் ஒரே ஸ்கேலில் பிறந்ததால் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டது. மெத்தைக்காரன் சத்தியம் பண்ணினானே, பாவி. பரிதி இந்த முனையைத்தான் திருப்பிப் பார்த்தான். டேப்பைப் பக்கத்தில் வைத்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டான். ஸ்கேல்னா ஸ்கேலுதான் தம்பி என்று இவர் வாயை அடைத்ததும், பெண்ணைப் பெற்றவர், பட்டறைக்காரர், நாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டான். சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவளுக்குப் போன் போட வேண்டும், உடனே, அவள் அவனைக் கேட்பதற்குள். போடுவதற்குள் அது அடித்தது.

"கேட்டேனுங்ப்பா." அழுது முடித்த குரல்.

"கண்ணு, அதை..."

"ஒண்ணுமே சொல்லலைங்ப்பா. 'மாமா அளந்து பாத்தா சரியாத்தான் இருக்கும், வேற நெக் வாங்கிக்கலாம்'னு சொன்னாரு. மாத்துனியா இல்லையான்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். அதை விடுங்கறாரு. இல்லைன்னு ஒரு வார்த்தை வரலை. பண்ணாதவன்னா இல்லைன்னுதானுங்ப்பா சொல்லுவான்? மூடி மறைக்கறவன்கிட்ட என்னமோ இருக்குது."

குரல் அவளுடையது, பேச்சு சென்னியப்பனுடையது. கேட்காமல் தட்டிக் காட்டினாலும் தப்பு, கேட்டும் சொல்லாமல் இருந்தாலும் தப்பு. இதை அவள் எங்கே கற்றாள் என்று கேட்க வேண்டியதில்லை.

"அம்மாகிட்டச் சொல்லிட்டேன். ரயில்ல வர்றவங்க பாதி வழியில இறங்கித் திரும்பினாலும் பரவால்ல, வர வேண்டாம்னு போன் பண்ணச் சொல்லி. அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும்னு அம்மா போனைக் கையில வெச்சுட்டு நிக்கறாங்க. நீங்க சொன்னது சரிதானுங்ப்பா. சொல்லுங்க."

ஒரே ஒரு சரி போதும். அவள் போக மாட்டாள். இன்று ராத்திரி வீட்டில் டிங் டிங் இருக்கும், அல்லது டிங் டிங் இல்லாவிட்டாலும் அவள் இருப்பாள். பரிதியும் வாயைத் திறக்க மாட்டான், அதுதான் இப்போது நிச்சயமாகத் தெரிகிறதே. எண்ணெய்க் காகிதத்தை மறுபடி சுற்றிக் கீழ்த்தட்டில் தள்ளிவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. இந்த நினைப்பு வந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. வந்து, முழுசாக உட்கார்ந்து, கால்மேல் கால்கூடப் போட்டுக்கொண்டது. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"தப்பு நெக்குல இல்லை சாமி" என்றார். "என் ஸ்கேலுல. நான் வார்ப்பட ஸ்கேலை வெச்சு வெட்டிப்போட்டேன். குழி பெருசு. அவன் சொன்ன அளவு சரி. கொண்டுவந்ததும் சரி. அவனுக்கு அது அன்னைக்கே தெரியும், எனக்காகத்தான் வாயைத் திறக்கலை. அம்மாவைப் போனைக் கீழ வெக்கச் சொல்லு."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"இப்பத்தான் அளவு பொய் சொல்லாதுன்னீங்க."

"சொன்னேன்."

"நான் அழறேன்னு மாத்திச் சொல்றீங்களா?"

"இல்லை சாமி."

"அவங்க ரயிலேறிட்டாங்க, இப்ப வேண்டாம்னா மானம் போயிரும்னு அம்மா உங்களுக்குப் போன் பண்ணுனாங்களா?"

"சத்தியமா இல்லை."

"அவரு உங்களுக்குப் போன் பண்ணுனாரா?"

ஒவ்வொன்றும் அவரே கேட்டிருக்கக்கூடிய கேள்வி. கேட்டிருக்கக்கூடிய அதே வரிசையில். சத்தியம் என்று சொன்னதும்தான் அவளுக்குச் சந்தேகம் கூடியிருக்கும், அவருக்குக் கூடியிருக்குமே. மெத்தைக்காரனும் சத்தியம்தான் பண்ணினான். தான் சொல்வது நிஜம் என்று ஒருவரை நம்ப வைக்க என்ன செய்ய வேண்டும் என்று சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் யாரும் அதில் ஜெயித்ததில்லை.

"நீ இங்க வா. வண்டியை எடுத்துட்டு இப்பவே வா. ரெண்டு ஸ்கேலும் இருக்குது, நெக்கும் இருக்குது. நீயே வெச்சுப் பாரு."

"வர்றேன்" என்றாள். "நான் வர்ற வரைக்கும் எதையும் எடுத்து வெச்சுராதீங்க."

போன் நின்றது. மேசையில் இரண்டு ஸ்கேல்களையும் பக்கத்தில் பக்கத்தில், தலை சேர்த்து வைத்தார். இந்த முனையில் இரண்டும் ஒன்று. போகப் போகக் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, கடைசியில் ஒரு விரல்கூட இல்லாத, ஆனால் குருடனுக்கும் தெரிகிற தூரத்தில் நின்றன. குழியின் பக்கவாட்டில் ஒட்ட அதே மலைவேம்பில் ஒரு மெல்லிய சீவல் வேண்டும். நிறமில்லாத லேக்கரில் அது காலத்துக்கும் தெரியும். தெரியட்டும். அல்லது அவள் கேட்ட சிவப்பையே அடித்துவிடலாம், அவள் சொல்லட்டும். ஸ்கேல்களின் மேல் மரத்தூள் படிந்திருந்தது, எண் சரியாகத் தெரியவில்லை. துடைப்பதற்குத் துணியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். துடைக்கும்போது ஒன்று அரை மில்லி நகர்ந்துவிட்டால், அப்பா நகர்த்தி வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். துணியைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலுக்குப் போய் அவள் வண்டிச் சத்தத்துக்காக நின்றார்.